வெடிலியா மூடிய வாய்க்கால்

திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் இரும்புச் சாமான்களைத் தரம் பார்த்து அனுப்புவது ஹேமாவதியின் வேலை. செம்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தாள். கணவர் தேவானந்தம் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து கட்டிலோடு சரி. மாடியில் வீட்டுக்காரர் ஜெயவேலு.

வீட்டுக்குப் பின்னால் சரிவான வெற்று மண். மழை பெய்தால் சேறு கரைந்து சமையலறைக்குள் வரும். நர்சரியில் கேட்டு வெடிலியா வாங்கி நட்டாள். தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் கொடி. ஒரே வருடத்தில் மண் நின்றுவிட்டது, கொடிதான் நிற்கவில்லை. கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விட்டது.

"இன்னாம்மா, காடு கணக்கா கீது? பாம்பு பூந்துக்கப் போவுது" என்றார் ஜெயவேலு.

"லீவு கெடைக்கட்டும்ணா, வெட்டிடறேன்."

லீவு கிடைப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லீவு கிடைத்த ஞாயிறு மத்தியானம் பின்பக்கத் தண்ணீர் வடியாமல் ஏறி, சமையலறைப் படியைத் தொட்டது.

"ஹேமா, உள்ள வந்துடுச்சா?" கட்டிலிலிருந்து தேவானந்தம் கேட்டார். அவரைத் தனியாளாகத் தூக்க அவளால் முடியாது.

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு இறங்கினாள். தண்ணீர் வடியும் வாய்க்கால் எங்கே? எங்கு பார்த்தாலும் இலையும் பூவும்தான். காலால் துழாவி அதன் வாயில் போட்டிருந்த கம்பி வலையைக் கண்டுபிடித்தாள். வேர்கள் அதன் கண்களுக்குள் புகுந்து அடைத்திருந்தன. குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

கைக்குப் பக்கத்தில் இலைகள் அசைந்தன. காற்று இல்லை.

"அசையாத!" மாடிப்படியிலிருந்து ஜெயவேலு கத்தினார். "கைய அப்டியே வெச்சிக்க!"

கொடிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. என்ன பாம்பென்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். முதுகில் மழை அடித்தது. பாம்பு அவள் மணிக்கட்டை உரசாத குறையாகத் தண்ணீரில் இறங்கி, நீந்திப்போய் மதிலோரம் மறைந்தது.

ஜெயவேலு கடப்பாரையோடு வந்தார். அவர் வலையை நெம்ப, அவள் வேர்க்கற்றையைப் பிடித்து இழுத்தாள். பெயர்ந்ததும் தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது.

"மருந்தடிச்சு மொத்தமா அழிச்சுடலாம்மா."

"அழிச்சா மறுபடியும் சேறு வருமேண்ணா."

கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு ஒத்துக்கொண்டார். சரிவில் கொடி இருக்கட்டும்; வாய்க்காலைச் சுற்றி அது தாண்டாதபடி சிமென்ட் பட்டை போட்டார்கள். வெட்டிய கொடிகளை ஏரிப்பக்கம் கொட்டப் போனவரை அவள் தடுத்தாள். துண்டு விழுந்தாலே முளைக்கும், கரை முழுக்கப் பரவிவிடும். மொட்டைமாடியில் போட்டுச் சருகாகும்வரை காயவிட்டார்கள்.

கார்த்திகையில் மழை மறுபடி கொட்டித் தீர்த்தது. படிவரை தண்ணீர் வரவில்லை, சேறும் இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் ஹேமாவதி கோலால் தட்டிப் பார்க்காமல் பின்பக்கம் கால் வைப்பதில்லை.