பனங்கற்கண்டும் பேக்ஹேண்டும்

எங்கள் வீட்டுக்குள் டென்னிஸ் வந்தது ஒரு பிரெஞ்சுக்காரியால். நூறு வருஷத்துக்கு முன்னால் எதிரே நின்றவர்களையெல்லாம் துவைத்தெடுத்த சாம்பியன் அவள். என் கணவர் போனில் எதையோ தேடப்போய் அவள் கதையைப் படித்துவிட்டார். அவளுக்கு அப்பாதான் கோச். கோர்ட்டில் கைக்குட்டையைப் போட்டு, அதன்மேல் பந்தை விழவைக்கப் பழக்குவாராம். மேட்ச் நடுவில் மகள் சோர்ந்தால், பிராந்தியில் ஊறிய சர்க்கரைக்கட்டியை ஓரத்திலிருந்து வீசுவாராம்.

போதாதா? அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்கிற எங்கள் ஊரிலிருந்து தினமும் ஃப்ரீவேயில் ஆபீசுக்கு ஊர்ந்துகொண்டிருந்த மனிதருக்கு வாழ்க்கை லட்சியம் கிடைத்துவிட்டது. கைக்குட்டைக்குப் பதில் என் துப்பட்டா போயிற்று. பிராந்திக்கு நான் சம்மதிக்காததால் பனங்கற்கண்டு. மகளும் அப்போது சின்னவள், எல்லாவற்றையும் ரசித்தாள். அப்பா வீசுகிற கற்கண்டை வாயாலேயே பிடிக்கப் பார்த்து, பல்லில் அடிவாங்கி, விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

வளர்ந்து போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தாள். இங்கே பெற்றோர் கம்பிவலைக்கு வெளியே நின்று கைதட்டலாம்; எப்படி ஆடுவதென்று சொல்லித்தரக் கூடாது. நம் ஆட்களுக்கு அதற்கொரு குறுக்குவழி உண்டு, தமிழ். கடையில் முன்னால் நிற்பவரின் உடம்பைப் பற்றி அவர் காதுபடவே பேசுகிற அதே தைரியம்தான்.

அன்றைக்கு எதிரே ஆடிய பெண் மாநிறம், பெயர் மட்டும் ஸ்பானிஷ் மாதிரி. மெக்சிகோக்காரியாக இருக்கும் என்று இவரே முடிவுகட்டிவிட்டார். மகள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தாள். எதிராளிக்குப் பேக்ஹேண்டு, அதாவது புறங்கை அடி, பலவீனம் என்று கண்டுகொண்ட இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பேக்ஹேண்டுக்கே போடு கண்ணு! அந்தப் புள்ளைக்கு அது சுத்தமா வராது!"

அந்தப் பெண் ராக்கெட்டைக் கீழே இறக்கினாள். அந்தப் பக்கம் வந்த அம்பயரைக் கூப்பிட்டு, இவளுடைய அப்பா வெளியிலிருந்து கோச் பண்ணுகிறார், எனக்குத் தமிழ் புரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் மகளுக்கு ஒரு பாயிண்ட் போனது. இவரைப் பார்க்கிங் லாட்டுக்கு அனுப்பினார்கள். மகள் அதற்குமேல் ஆடவில்லை. அந்தப் பெண்ணிடம் போய்க் கைகொடுத்தாள், பையைத் தூக்கிக்கொண்டாள், வெளியே வந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் ஓடிவந்து, "நாங்க தூத்துக்குடிங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பு எங்களுடையது, மன்னிப்பு அவர் கேட்கிறார். எனக்கு மானம் போயிற்று.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பாதி வழியில் திடீரென்று கேட்டாள், அந்தப் பிரெஞ்சு சாம்பியன் அமெரிக்காவுக்கு வந்த கதை தெரியுமா என்று. இவர் அந்தக் கதையை அவள் வென்ற கோப்பைகளோடு நிறுத்திக்கொள்வார். அவள் பள்ளி ப்ராஜெக்டுக்காக மீதியையும் படித்திருந்தாள். உடம்பு சரியில்லாத அப்பா ஊரிலேயே தங்கிவிட, சாம்பியன் அவரில்லாமல் இங்கே வந்து ஆடியிருக்கிறாள். முதல் செட் போனது. இரண்டாவது செட் தொடங்கியதும் இருமி, அழுது, முடியாது என்று பாதியில் வெளியேறிவிட்டாள். கூட்டம் கேலி செய்ததாம்.

"அப்பா பக்கத்துல இல்லாததால பாதியிலயே ஓடிட்டா, பாத்தியா கண்ணு?" என்றார் இவர், அப்போதும் புரியாமல்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அவளாவது ஒரு தடவை தானா தோத்தா. எனக்கும் அப்படித் தோக்கணும்பா." தமிழில் சொன்னாள். புரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

டென்னிஸை அவள் விடவில்லை. அப்பாவைத்தான் வரவேண்டாம் என்றாள். இவரும் வீம்புக்கு, சரி, வரமாட்டேன் என்றார். ஒரு வார்த்தை இறங்கிப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டுமே இறங்குகிற ஜாதி இல்லை. நடுவில் எவ்வளவு நல்ல வருஷங்கள் வீணாய்ப் போய்விட்டன என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது நியூஜெர்சியில் காலேஜ் டீமில் ஆடுகிறாள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அப்பாவைக் கூட்டிவா என்று அவள் சொன்னதில்லை, நானும் வருகிறேன் என்று இவரும் சொன்னதில்லை. மேட்ச் நாளில் இவர் போனோடு சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அதில் படம் வராது, ஸ்கோர் மட்டும் மாறும்.

போன சனிக்கிழமை அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். காபி கொண்டுபோன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இவர் போனை முகத்தருகே வைத்து, யாருக்கும் கேட்டுவிடாதபடி சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேக்ஹேண்டுக்குப் போடு கண்ணு."