கம்ப்யூட்டரின் வாயில் வைத்த நைவேத்தியம்

உயிரோடு இருந்த ஒரு கம்ப்யூட்டரைச் செத்துவிட்டது என்று நானே தீர்மானித்து, நானே அதைத் துடைத்து அழித்து, பிறகு நானே மீட்டெடுத்ததாகப் பெருமை பேசித் திரிந்தவன் நான். அதற்கு வந்த நோய் இவ்வளவுதான்: ஆயுத பூஜையன்று அதன் வாயில் நான் வைத்த ஃப்ளாப்பியை மறுநாள் எடுக்க மறந்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் போகப்போக என்னை விவரமானவன் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி நினைத்து ஏமாந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்; என்னை வேலைக்கு எடுத்தவர்களும் அதில் சேர்த்தி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். நேற்றைய திட்டம் ஏன் நடக்கவில்லை என்று இன்று விளக்குவதுதான் அங்கே என் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியது எனக்காக இல்லை. என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை, எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கல்லாவிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய ஆய்வு குந்தாரப்பள்ளிச் சந்தையைப் பற்றியது. வாராவாரம் விடிவதற்கு முன்பே அங்கே போய் நின்று, மாட்டுத் தரகர்களிடம் தெலுங்கிலும் ஆட்டுக்காரர்களிடம் கன்னடத்திலும் டீக்கடைக்காரரிடம் தமிழிலும் கேள்வி கேட்டுவிட்டு, சாணிக் கால்களோடு பள்ளிக்கூடம் போனாள்.

பெங்களூரில் ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது. பஸ்ஸில் மானிட்டரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டியை அவள் தூங்கும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவளுடைய மாலை நேரமெல்லாம் அதன் முன்னால்தான் கழிந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஏற்கெனவே ஒரு முறை அவகாசம் வாங்கிக் கொடுத்திருந்தார். "இதுக்கு மேல என்னால ஆகாதும்மா. இந்த மாசக் கடைசி தாண்டுச்சுன்னா பதிவே போயிடும்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

என் பங்கு காப்புப் பிரதி எடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளாப்பிகளை வரிசையாக ஒவ்வொன்றாகச் செருகி எடுத்து, எண் எழுதி, ஒரு காலி மைசூர்பாக் டப்பாவில் அடுக்கி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைப்பேன். ஆபீசில் கிடைக்காத மரியாதை அந்த ஞாயிறுகளில் எனக்கு வீட்டில் கிடைத்தது. கடைசி இரண்டு மூன்று ஞாயிறுகளை மட்டும் கிரிக்கெட் தின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கடைசியில் ஒவ்வொரு லேத்தின் வாயிலும் கடைந்து முடித்த இரும்புத் துண்டு ஒன்றைக் கவ்வக் கொடுப்பார்கள். ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"வாய் காலியா இருக்கக் கூடாது சார். இருந்துச்சுன்னா வருசம் பூரா வேலை இல்லாம வாயப் பொளந்துகிட்டே நிக்கும்."

இதில் எனக்கு ஒரு தத்துவமே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். மானிட்டர் மேல் செவ்வந்திச் சரம் போட்டேன். ஒரு புது ஃப்ளாப்பியின் மூலையில் மஞ்சள் தடவி, பெட்டியின் வாயில் செருகினேன்.

"அது எதுக்குங்க?" என்றாள்.

"வாய் காலியா இருக்கக் கூடாது."

"யாரு வாய்?" என்று கேட்டுவிட்டு, சுண்டலைத் தாளிக்கப் போய்விட்டாள்.

அன்று அதை யாரும் தொடவில்லை. ஆயுதங்களுக்கு ஓய்வு.

மறுநாள் விஜயதசமி. ஓசூரில் அது விசித்திரமான காலை. வருடம் முழுக்க ஊருக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் இரைச்சல் நின்றுபோய், அப்படி ஒன்று இருந்ததே அப்போதுதான் காதுக்குத் தெரியும். மழை தூறிக்கொண்டிருந்தது. பனி ஜன்னல்வரை வந்து நின்றது. எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். 'கர்ர்' என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: இது சிஸ்டம் டிஸ்க் அல்ல, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்.

அழுத்தினேன். அதே வரி. வேறு பொத்தான். அதே வரி. கம்ப்யூட்டர் துவங்கும்போது முதலில் வாயில் இருப்பதைத்தான் படித்துப் பார்க்கும்; அது சொன்னது வாயில் இருந்த ஃப்ளாப்பியைப் பற்றி. நானோ வயிற்றில் இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"போயிடுச்சா?" என்றாள் பின்னாலிருந்து.

"நான் இருக்கேன்ல" என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசும் வாக்கியம்.

பெங்களூரில் வாங்கிய ஒரு பத்திரிகையில், துவங்காத கம்ப்யூட்டருக்குச் சிகிச்சை போட்டிருந்தது. பூஜை ஃப்ளாப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவசரத்துக்கென்று வைத்திருந்த துவக்க ஃப்ளாப்பியைச் செருகினேன். கம்ப்யூட்டர் சாதுவாக எழுந்து உட்கார்ந்தது. அப்போதே உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் சந்தை முழுக்க அங்கேயே இருந்திருக்கும். பார்க்கவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டால் டாக்டருக்கு என்ன மதிப்பு? ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கக் கட்டளை கொடுத்தேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று அது கேட்டது.

"என்னங்க கேக்குது?"

"சும்மா, மரியாதைக்குக் கேக்குது."

சம்மதித்தேன்.

துடைத்து முடித்து, எழுதுவதற்கான சாஃப்ட்வேரையும் ஏற்றிவிட்டு, மைசூர்பாக் டப்பாவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம் வீசியது. முதல் ஃப்ளாப்பி. கம்ப்யூட்டர் அதை மென்று தின்பதுபோல ஒரு சத்தம். மீட்ட கோப்புகளின் பெயர்கள் திரையில் மெதுவாக ஏறின. அத்தியாயங்களுக்கு அவள் செல்லமாகப் பெயர் வைத்திருந்தாள். மாடு வந்தது. சற்றுப் பொறுத்து ஆடு. அடுத்த ஃப்ளாப்பியில் தரகர். வெளியே பனி, உள்ளே அந்தப் பனியிலிருந்து ஒவ்வொருவராகச் சந்தைக்கு வந்து சேர்வதுபோல் இருந்தது. இடையில் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து மாடு வந்தது, ஆடு வந்தது. மதியமா, சாயங்காலமா என்று தெரியாத ஒரு பொழுதில் கடைசி ஃப்ளாப்பியும் முடிந்தது.

"வீடு வரலைங்க" என்றாள்.

'வீடு' கடைசி அத்தியாயம். சந்தை முடிந்து திரும்பிப் போகிறவர்களைப் பற்றியது. கிரிக்கெட் நடந்த அந்த ஞாயிறுகளில், நான் பக்கத்து வீட்டு டிவி முன்னால் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் தட்டியது அதைத்தான்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "பேனா எடுங்க. குறிப்புகளத் தேடி மறுபடி டைப் பண்ண இப்ப எனக்குத் தெம்பில்ல. ஞாபகத்துல இருக்கறதச் சொல்றேன். எழுதுங்க" என்றாள். "குறுக்க பேசக் கூடாது."

எழுதினேன். மாட்டை விற்றவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை; அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நாட்றாம்பாளையத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் பஸ்ஸில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாராம். எதுக்குங்கண்ணா என்று இவள் கேட்டிருக்கிறாள். "கயிறு கையில இருந்தா அது பின்னாலயே வர்ற மாதிரி இருக்கும்மா" என்றிருக்கிறார். அஞ்செட்டி மலை ஏறும்வரை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த நேரம் என் வாழ்க்கையில் நான் உருப்படியாக ஏதோ செய்த நேரம் என்று இன்றும் தோன்றுகிறது. மழை நின்றதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் கன்னடக்கார நண்பர் ஒருவர் இருந்தார். என் வீரத்தை அவரிடம் விவரித்தேன். பாதிக் கதையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, ஏன் சார் இது? அந்த ஃப்ளாப்பிய வெளிய எடுத்துட்டு மறுபடி ஆன் பண்ணிருந்தா போதுமே! டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகலையே!"

அன்றிலிருந்து கேன்டீனில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம், "சார், வாய் காலியா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு ஒரு வடையை நீட்ட ஆரம்பித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் எழுதிக் கொடுத்ததை அவள் அப்படியே டைப் செய்து சேர்க்க, ஆய்வேடு மாதக் கடைசிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய்மொழித் தேர்வு முடிந்து கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மொத்தத்துல அந்தக் கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருக்குதாம். மத்ததெல்லாம் ஒரே அட்டவணையா, மூச்சு முட்டுதாம்."

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. "பாத்தியா? நான் அழிச்சதாலதான அது அப்படி வந்துச்சு!"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப மத்ததையெல்லாம் எதுக்குங்க அந்தப் பாடு பட்டுத் திருப்பிக் கொண்டாந்தீங்க?"