பாப்பா ரூம்

போன மாதம் எங்கள் பழைய தியேட்டர் வாசலில் ஒரு பெண் என் துப்பட்டாவில் மைக்கைக் குத்திவிட்டு, ஒரே நிமிஷத்தில் சந்தோஷமான நினைவு ஒன்று சொல்லுங்கள் என்றாள். பழைய தியேட்டர்களைக் காப்பாற்றப் புறப்பட்ட பிள்ளைகள். பாவம், வெயிலில் நின்று கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் முகப்புச் சுவரை மட்டும் இடிக்காமல் விட ஓனரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். பின்னால் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வருகிறது. முகத்தை வைத்துக்கொண்டு உடம்பை எடுத்துவிடுவார்கள். அதற்குக் கேக் வேறு வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

இடைவேளை சோடாவையும், சீட்டில் மூட்டைப்பூச்சி கடித்ததையும் சொன்னேன். சிரித்தார்கள். மைக்கைக் கழற்றும்போது, "உள்ள, கடைசில ஒரு கண்ணாடி ரூம் இருந்துச்சே, பாப்பா ரூம். அதப் பத்தி யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"எந்த ரூம் ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

குழந்தைகள் அழுவதற்கென்றே அந்தக் காலத்தில் கட்டிவைத்த ரூம் அது. கடைசி வரிசைக்குப் பின்னால், திரையைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே நாலைந்து சீட்டு, படத்தின் சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர், ஒரு மங்கல் பல்பு. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அங்கே உட்கார்ந்து படம் பார்க்கலாம். குழந்தை தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. அப்போது குடியிருந்த மர்பி டவுனிலிருந்து நாங்கள் தியேட்டருக்கு நடந்தே போய்விடுவோம். தம்பி பிறந்த புதிதில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பி நிலைக்கவில்லை. ஞானஸ்நானம் ஆன கையோடு காய்ச்சல் வந்து போய்விட்டான். எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் வீடு ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும். லைன் வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். "தாய் அழுதா புள்ளையோட ஆத்துமா மேல போகாது, இங்கயே சுத்தும். வாய மூடு" என்று அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அப்பா ஷிப்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

சனிக்கிழமை மதியம் அத்தை நவநாள் ஜெபத்துக்காக மாதா கோயிலுக்குப் போவாள். அப்படி ஒரு சனிக்கிழமை அம்மா திடீரென்று எனக்குத் தலை வாரிவிட்டு, "வா, சினிமாவுக்குப் போலாம். அத்தைகிட்ட மூச்சு விடாத" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தியேட்டரில் அம்மா நேராகப் பாப்பா ரூமுக்குப் போனாள். டிக்கெட் கிழிக்கிறவர் கையை நீட்டி மறித்து, குழந்தை எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். "மகு எல்லம்மா?"

 அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பிவிட்டாள். படம் போச்சே என்று தெரு முழுக்க நான்தான் அழுதுகொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த ஆன்ட்டிக்கு ஒரு கைக்குழந்தை, பூசணிக்காய் மாதிரி இருக்கும். "கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டுத் தர்றேன், குடு" என்றாள் அம்மா. ஆன்ட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அரே, கேக்கணுமா அக்கா? தூக்கிட்டுப் போங்க. நானும் கொஞ்சம் கண்ண மூடுறேன்" என்று பால் பாட்டிலோடு கொடுத்துவிட்டாள்.

இரவல் குழந்தையைக் காட்டி உள்ளே நுழைகிற இந்தத் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம் அம்மா இவ்வளவு கில்லாடியா! அந்த ரூமில் ஃபேன் இருக்கிறது, சீட்டில் பஞ்சு இருக்கிறது, அதற்குத்தான் என்று நினைத்தேன். மதியக் காட்சிக்கு அங்கே வேறு யாரும் வருவதில்லை. "நீ வெளிய உக்காந்து நல்லா பாரு" என்று என்னைக் கண்ணாடிக்கு முன்னாலிருந்த கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். பூசணிக்காய் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். அந்த ரூமில் அது ஒரு நாளும் அழுததில்லை.

இப்படிச் சில வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை நல்ல காமெடிப் படம். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் சிரிக்கிறாளா என்று திரும்பினேன். மங்கல் வெளிச்சத்தில், ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அப்பா வந்து நின்றார். கோயிலில் யாரோ அத்தையின் காதில் போட்டுவிட்டார்கள். பாதி ஜெபத்தில் எழுந்து வீட்டுக்கு வந்தவள், ஷிப்டு முடிந்து வந்த அப்பாவைச் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. "புள்ளைய மண்ணுல வச்ச ஈரம் காயல, அவளுக்கு சினிமா கேக்குதா! இழுத்துட்டு வாடா அவள." இதை அத்தையே பின்னால் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். அப்பா வந்த வேகத்துக்கு அதைச் செய்துதான் இருப்பார். எனக்கோ அப்பாவும் படம் பார்க்க வந்துவிட்டார் என்று சந்தோஷம்.

"அப்பா, அங்க பாருங்க, அம்மா எப்படிச் சிரிக்கிறாங்க!"

அப்பா பார்த்தார். திரையில் என்னென்னமோ நடந்து முடிந்தது, அவர் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா கண்ணு. சிரிக்கட்டும்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் முடிவதற்குள் எழுந்து, "நான் வந்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் காமெடி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அத்தையிடம், அவர்கள் அங்கே இல்லை என்று சொன்னாராம்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதற்கப்புறம் வீட்டில் தம்பியின் பேரை எடுக்கவில்லை. சாகிறவரை எடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா இப்போது வைட்ஃபீல்டில் என்னோடு இருக்கிறாள். அவளுக்கென்று தனி ரூம், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிறது. அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற நாளில் வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. தியேட்டரை இடிக்கப்போகிறார்கள் என்று சொன்னபோதுகூட, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே "ம்" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு அது எப்போதோ இடிந்துபோன கட்டடம்.

அந்த நாட்களில் நாங்கள் தியேட்டருக்குக் கடைசியாகப் போன சனிக்கிழமை அங்கே கண்ணாடி இல்லை. ரூமை உடைத்து, அந்த இடத்தில் கூடுதலாகச் சீட்டு போட்டிருந்தார்கள். இனிமேல் குழந்தையோடு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று டிக்கெட் கிழிக்கிறவர் நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். அம்மா புதிதாக சிமெண்ட் பூசிய தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

எனக்கு ஒரே குஷி. கண்ணாடி போனது நல்லதாயிற்று, இனி அம்மா என் பக்கத்திலேயே உட்காருவாள், அவள் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்கும். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். விளக்கு அணைந்தது, படம் ஓடியது, சனங்கள் சிரித்தார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா இரவல் குழந்தையை இறுக்கிக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் அவள் காதருகே போய், "சிரிங்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.