பல்லக்கா பேசிய பன்னிரண்டாவது வண்டி

ஷோரூமுக்குள் நுழைந்ததும் பல்லக்கா வண்டிகளைப் பார்க்க மாட்டார். பளபளவென்று நிற்கிற கார்களையெல்லாம் வீட்டுக் கூடத்தில் குறுக்கே கிடக்கும் நாற்காலிகளைப் போலச் சுற்றிக்கொண்டு, நேரே குடிதண்ணீர் வைத்திருக்கும் மூலைக்குப் போவார். இரண்டு டம்ளர் தண்ணீர் உள்ளே போகும். பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுப்பார். நிதானமாக உரித்து, நாரெல்லாம் நீக்கி, கைக்குட்டையில் சுளைகளைப் பரப்பி, முதல் சுளையை எதிரே இருக்கும் விற்பனையாளரிடம் நீட்டுவார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வாய் நிறையச் சாற்றை வைத்துக்கொண்டு 'இதுதான் மேடம் கடைசி விலை' என்று யாராலும் கறாராகச் சொல்ல முடியாது.

வாங்க வந்தவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பல்லக்கா வழியிலேயே ஒரே ஒரு கட்டளை போட்டிருப்பார். "எந்த வண்டியையும் தொடாதீங்க. தொட்டீங்கன்னா ஆசை தெரிஞ்சிடும்."

குறையுங்கள் என்று அவர் கேட்டதே இல்லை. விற்பனையாளர் விலை சொல்வார். "சரி. அப்புறம்?" என்பார் பல்லக்கா. இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, சீட் கவர் எல்லாம் வரும். "சரி. அப்புறம்?" அப்புறம் ஒன்றும் இருக்காது. ஒரு சுளை சாப்பிடுவார். மௌனம் நீளும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிராளி தானாகவே ஐயாயிரத்தைக் குறைப்பார். எவராவது அவசரப்படுத்தினால் மட்டும் பதில் வரும்: "வண்டி உங்ககிட்ட இருக்கு, காசு எங்ககிட்ட இருக்கு. ரெண்டும் இருக்கிற இடத்துல சௌக்கியமாத்தானே இருக்கு?"

பல்லக்கா கார் தரகர் இல்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஒற்றை ஜன்னல் அறையில், இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிறவர். பிளாஸ்டர் மாவு படிந்த மேஜை, மெழுகு உருக்கும் விளக்கு, அலமாரி நிறைய ஊர்ப்பட்டவர்களின் தாடை அச்சுகள். தெருவில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் பார்ப்பது வாயைத்தான். பொய் சொல்கிறவன் மேல்வரிசையை மட்டும் காட்டுவான், உண்மை சொல்கிறவனுக்குக் கீழ்வரிசையும் தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற வண்டிக்கு விற்கிறவன் பல்லைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று கேட்பார்.

முதலில் தம்பிக்காகப் போய்ப் பேசினார். பேரம் நன்றாக முடிந்த செய்தி பரவியது. பிறகு தம்பியின் மச்சான், ஆஸ்பத்திரி டாக்டர், மாடி வீட்டு நர்ஸ் என்று வரிசை கட்டி வந்து, பதினொரு வண்டிகள் ஆயின. அதில் ஒன்பது ஒரே ஷோரூமில். அந்த ஒன்பதையும் பறிகொடுத்தவர் அங்கே மேனேஜர். சட்டைப்பையில் மூன்று பேனா குத்தியிருக்கும் ஒல்லியான மனிதர். பல்லக்காவை 'மேடம்' என்று ஆரம்பித்து, நான்காவது வண்டியில் 'அக்கா'வுக்கு இறங்கினார்.

மேனேஜருக்கும் ஒரு வித்தை உண்டு. இக்கட்டான கட்டத்தில், "உள்ள பெரியவரைக் கேட்டுட்டு வரேன்" என்று பின்னறைக்குப் போவார். இரண்டு நிமிடம் கழித்து, பெரியவரிடம் கடிபட்ட முகத்தோடு திரும்பி வருவார். ஐந்தாவது வண்டியின்போது கை கழுவப் போன பல்லக்கா வழி தவறி அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு குடையும் பழைய காலண்டரும் இருந்தன. மேனேஜர் அந்தக் காலண்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பல்லக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை மேனேஜர் உள்ளே போக எழுந்தபோது மட்டும், "பெரியவருக்கும் ஒரு சுளை கொண்டு போங்க" என்று கொடுத்தனுப்பினார்.

இத்தனைக்கும் அவருடைய கணவருக்கும் பேரத்துக்கும் ஏழாம் பொருத்தம். நூலகத்தில் வேலை. யார் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டு, "கட்டுப்படியாகுதா உங்களுக்கு?" என்று விசாரித்துவிட்டு வருகிற மனிதர். மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பேச்சு தொடங்கியதுமே காது சிவந்துபோய், எழுந்து வெளியே போய்விடுவார். பதினொரு வண்டிக்கும் அவர் வெளியேதான் நின்றார்.

பன்னிரண்டாவது, பல்லக்காவுக்கே.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பல் செட்டை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பொருத்திச் சரிசெய்கிற வேலையும் அவருக்கு உண்டு. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒருநாள் பஸ் நெரிசலில் பைக்குள் இருந்த ஒரு கிழவரின் தாடை அச்சு நொறுங்கிவிட்டது. பல் இல்லாமல் பத்து நாளாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கிழவர், இன்னும் பத்து நாள் கஞ்சி குடித்தார். அன்றைக்கு ராத்திரியே பல்லக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். வயது ஐம்பத்திரண்டு. "அக்கா, பிரேக்குனு ஒண்ணு கீழ இருக்கு" என்று பயிற்சியாளர் மாதக்கணக்கில் கெஞ்சினார். மூன்றாவது தேர்வில் லைசென்ஸ் கிடைத்தது. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மெழுகு உருக்கிச் சேர்த்த பணம் கையில் இருந்தது.

நாத்தனாருக்கு வண்டி பார்க்க வருவதாக மேனேஜரிடம் போனில் சொல்லியிருந்தார். ஆசை தெரியக் கூடாதல்லவா. வெள்ளை நிறத்தில், சிறியதாக, சிக்கனமாக ஒன்று என்று பேச்சு. வெள்ளை வண்டியும் வாசலருகே துடைத்துத் தயாராக நின்றது.

அதன் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மஞ்சள் வண்டி நின்றது. எலுமிச்சம்பழ மஞ்சள்.

அன்றைக்குப் பல்லக்கா தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கால்கள் தாமாக மாடிப்படிப் பக்கம் நடந்தன. கதவைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கியரை ஒன்று இரண்டு மூன்று என்று வாய்க்குள் எண்ணியபடி மாற்றினார். வைப்பரைப் போட்டார், அது காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது, அதற்கும் சிரித்தார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பியபோது அதில் தெரிந்த முகம் வாயெல்லாம் பல்லாக இருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய்ப் பல் முதற்கொண்டு.

ஒன்பது வண்டிக் காலமாக அந்த அம்மாளின் ஒரு பல்லைக்கூடப் பார்த்திராத மேனேஜர், பக்கத்தில் வந்து குனிந்தார். "நாத்தனாருக்குக் கண்ணாடி சரியா இருக்காக்கா?"

பல்லக்காவுக்குக் காதில் விழவே இல்லை. "ஹாரன் எது?" என்றார்.

மேஜைக்கு வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. மேனேஜர் முழு விலையைச் சொன்னார். வெள்ளையைவிட மஞ்சளுக்கு எட்டாயிரம் கூடுதல், அது விசேஷ வண்ணம் என்றார். "சரி. அப்புறம்?" என்றார் பல்லக்கா, ஆனால் கண் மாடிப்படிப் பக்கமே இருந்தது. "அப்புறம் ஒண்ணும் இல்லக்கா" என்று மேனேஜர் சொல்லிவிட்டு மௌனமாக இருந்தார். பல்லக்காவின் கைப்பை திறந்துதான் கிடந்தது. அதிலிருந்து எட்டிப் பார்த்த ஆரஞ்சை மேனேஜரே எடுத்தார், உரித்தார், நாரை நீக்கினார், முதல் சுளையை நீட்டினார். பல்லக்கா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

எழுந்து போய்விடலாம் என்று அவருக்குத் தெரியும். பதினொரு முறை எழுந்து போயிருக்கிறார். ஒருமுறை தெருமுனை வரை நடந்து, பின்னாலேயே ஓடிவரச் செய்திருக்கிறார். அடுத்தவர் வண்டியை விட்டு எழுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதே அப்போதுதான் புரிந்தது. தான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் வேறு யாராவது வந்து மஞ்சளைத் தொட்டுவிட்டால்? மேனேஜரின் மூன்று பேனாக்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கணவர் உள்ளே வந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. முகத்தில் கவலை. பேரத்தின் நடுவே அவர் உள்ளே வருவது அதுவே முதல்முறை.

"மன்னிக்கணும். ஒரு சந்தேகம்" என்றார் மேனேஜரிடம். "இந்த மஞ்சள் வண்டி, நாங்க டாக்டர் வண்டிக்கு வந்தப்ப வாசல்ல நின்னுது. நர்ஸம்மாவுக்கு வந்தப்ப தூண் ஓரமா இருந்துது. இப்ப மாடிப்படிக்குக் கீழ இருக்கு. டயர்ல இருக்கிற நம்பரை வச்சுக் கணக்குப் பாத்தா, செஞ்சு பதினாலு மாசம் ஆகுது. அதுக்கு ஏதாவது கோளாறா?"

வெளியே நின்ற பதினொரு பேரத்திலும் அவர் செய்தது வேறொன்றுமில்லை. படிக்க எதுவும் கிடைக்காத நூலகக்காரர், டயரையும் கண்ணாடியையும் படித்திருக்கிறார். டயரின் ஓரத்தில் அது எந்த வருடம் எந்த வாரம் உருவானது என்று பொறித்திருப்பார்கள். நின்ற நேரத்தில் அவர் அதெல்லாம் குறித்தும் வைத்திருக்கிறார்.

பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போடப் போன ஒரு தம்பதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் எழுந்தார். பெரியவரைக் கேட்க உள்ளே போனார். போன வேகத்திலேயே வந்துவிட்டார். "கோளாறே இல்ல சார். கலர்தான். யாரும் மஞ்சள் கேக்கறதில்ல. நீங்க கேட்டதால இருபதாயிரம் குறைச்சிடலாம்."

"அப்படியா" என்றார் கணவர், கவலையோடு. கோளாறு இல்லாத வண்டிக்கு ஏன் இருபதாயிரம் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. காகிதத்தை மறுபடி பார்த்தார். அந்தப் பார்வை மேனேஜருக்கு வேறு விதமாகப் பட்டிருக்க வேண்டும். முப்பது என்றார்.

"பணத்துக்காகக் கேக்கல. இவ தனியா ஓட்டப் போறா. இவ்வளவு நாள் நின்னா பேட்டரி போயிருக்குமே."

புது பேட்டரி போட்டுத் தருவதாக மேனேஜர் சொன்னார். டயர்களையும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். நாற்பதாயிரம் என்றார். சீட் கவர் சும்மா என்றார். கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, போகட்டும், வேறு எங்காவது பார்ப்போமா என்று மனைவியைக் கேட்டார். நாற்பத்தைந்து என்றார் மேனேஜர்.

பல்லக்கா மேஜையில் கையை வைத்தார். "போதும். அதுக்கு மேல குறைக்காதீங்க. வண்டி காதுல விழும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்ததில் வண்டி இரண்டு முறை ஆடிவிட்டது. "நான் என்ன செஞ்சேன்னு இப்படிச் சிரிக்கறே?" என்று கணவர் கேட்டபடியே ஓட்டினார்.

வண்டியை எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் பல்லக்கா செய்த இரண்டு பல் செட்டுகளில் பல்லை வரிசை மாற்றி வைத்துவிட்டு, தானே கண்டுபிடித்துத் தானே சிரித்துத் திருத்தினார் என்று டாக்டர் சொல்கிறார்.

அந்த நாளில் மேனேஜர் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். பல்லக்காவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்தவர், ஒரு கணம் நின்று, உள்ளே விரித்திருந்த புத்தம்புது மிதியடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, ஒன்றை ஒட்டி ஒன்றாக ஷோரூம் தரையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் கணவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இழுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடி உயிர் வந்தது. மஞ்சளாக, மெதுவாக, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

மேனேஜர் திரும்பினார். துடைத்த தரையின் நடுவில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து, கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். முனையில் சிக்னலுக்காக நின்ற மஞ்சள் வண்டியைப் பார்த்து, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

பச்சை விழுந்தது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. வண்டி வளைந்து மறைகிறவரை, அது அவருக்குச் சந்தோஷமாக டாட்டா காட்டிக்கொண்டே போனது.