இதழடியில் ஒரு சிவப்புப் புள்ளி

நீங்கள் உழைத்து உண்டாக்கிய ஒன்றை உங்கள் கண்ணெதிரே ஒருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் மன்னித்துவிடுவீர்களா? நல்லவர்கள் மன்னிக்கச் சொல்வார்கள். இந்தப் பெண் மன்னிக்கவில்லை.

பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் அவள் புது ரகம் உருவாக்கும் பிரிவில் இருந்தாள். நிறையக் காய்த்தாலும் குட்டை இழை தரும் செடி தாய்; கொஞ்சமே காய்த்தாலும் பட்டுபோல நீள இழை தரும் செடி தந்தை. வருடக்கணக்காகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்ததில், இரண்டு குணமும் ஒரே செடியில் வந்து நின்றன. உடனே இயக்குநர் அந்த ரகத்துக்குத் தன் பெயரை வைத்தார். அவளைத் தூக்கி இழை சோதனை அறையில் போட்டார்.

"வெயில்ல ஏம்மா கஷ்டப்படற? ஃபேனுக்கு அடியில உக்காரு" என்றார், பெரிய உபகாரம் செய்வதுபோல.

அவள் போய் உட்கார்ந்தாள். கோபம் எரிந்தது. அதை அணையவும் விடவில்லை.

அந்தப் பருவத்தில், கலப்பின விதைக்காக வயலில் தாய்ப் பூவையும் தந்தைப் பூவையும் இணைக்கும் பெண்களில் ஒருத்தி ஜன்னலருகே வந்து நின்றாள்.

"சார் சாயங்கால வேலையை நிறுத்திட்டாருக்கா. எல்லாத்தையும் காலையிலயே முடிக்கச் சொல்றார். நீங்க சொல்லுங்களேன்."

"அவர் கேட்டா சொல்றேன்."

தாய்ச் செடியில் நாளை விரியப்போகும் மொட்டிலிருந்து மகரந்தப் பைகளை இன்று மாலையே நகத்தால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். காலையில் பை வெடித்துவிடும். பூ தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் தந்தையின் மகரந்தத்தைக் கொட்டினாலும் வீண். விளைவது தாயின் அச்சுதான். விதையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பூத்தால் தெரியும்: தந்தைக்கும் கலப்பினத்துக்கும் இதழடியில் சிவப்புப் புள்ளி உண்டு. தாய்க்குக் கிடையாது.

"அந்த விதை வெளிய போனா விவசாயி தலையில இல்ல விழும்?" என்றான் கணவன், அன்றிரவு வீட்டில் இதைக் கேட்டதும்.

"போகாது. முதல்ல பண்ணையோட காட்சித் திடல்லதான் பூக்கணும். அங்க வெச்சிருக்கேன் அவருக்கு."

அடுத்த பருவத்தில் திடல் பூத்தது. விவசாயிகளைக் கூட்டிவைத்து இயக்குநர் மைக்கில் அளந்துகொண்டிருந்தார். அவள் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தாள்.

"சார், ஒரு பூவை விரிச்சுக் காட்டுங்களேன். சிவப்புப் புள்ளி இருந்தாத்தான் கலப்பினம்னு உங்க கட்டுரையிலயே எழுதியிருக்கீங்க."

அது அவள் எழுதிய வரி; அவர் பெயரில் அச்சானது. மறுக்கவும் முடியாமல் ஒரு பூவை விரித்தார். வெறும் வெளுப்பு. இன்னொன்று. அதுவும் வெளுப்பு.

"புள்ளியைக் காணோமே சார், வெயில்ல கரைஞ்சிருச்சோ?" என்றார் ஒரு விவசாயி. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஆளுக்கொரு பூவைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இயக்குநர் அவளிடம் வந்து பல்லைக் கடித்தார். "முன்னாடியே ஏன் சொல்லலை?"

"ஃபேனுக்கு அடியில உக்காரச் சொன்னீங்க சார். உக்காந்திருந்தேன்."

அவர் முகம் வெளுத்ததை அவள் ஆசைதீரப் பார்த்தாள். பரிதாபம் துளியும் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

அடுத்த முறை ஒருவர் மேடையேறி, இது என் கண்டுபிடிப்பு என்றால், கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.