கொக்கித் தராசு காட்டிய எண்

“ஃபர்ஸ்ட் மார்க் மேடம், இது எக்ஸாம் இல்ல, ஆக்ஸில். புக்கப் படிச்சு இத மாட்ட முடியாது.”

கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜில், பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் ஆக்ஸிலைப் பிரித்துப் போட்ட அன்று என் கணவர் சொன்னது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்தைப் படித்துத்தான் இந்த நாடு வரை வந்திருக்கிறேன். அந்தச் சொல் உள்ளே தங்கிவிட்டது.

வேலை பாதியில் நிற்கும்போதே அவருக்கு வேறு மாநிலத்தில், குபெர்டினோவில், வேலை கிடைத்தது; போய்விட்டார். சில மாதம் கழித்து, பிரிந்துவிடலாம் என்று ஃபோனில் சொன்னார். மீதிச் சாமான்களை எடுக்க ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்றார். அதற்குள் வண்டியை ஓட வைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனால் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். என்னிடம் இருந்த ஒரே திட்டம் அதுதான்.

முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் மூட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பேரிங். அவை ஆடவும் கூடாது, இறுகிப்போகவும் கூடாது. பேரிங் மூடிக்கு அடியில் இருக்கும் காகிதம் போன்ற தகடுகளில் ஒன்றை எடுத்தால் இறுக்கம் கூடும். மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மூட்டைத் திருப்பும் கையான ஸ்டியரிங் ஆர்மின் நுனியில் மாட்டி இழுத்து, மூட்டு நகரும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வண்டியின் ரிப்பேர் புத்தகத்தில் இருந்த எண் அப்படியே வந்தது. வெள்ளிக்கிழமை மாலை சக்கரங்களை மாட்டிவிட்டேன்.

“நீயே மாட்டினியா?” என்றார், மறுநாள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும்.

“புக்கப் படிச்சுதாங்க.”

வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஃபிரீவே வரை போனேன். வேகம் எடுத்து ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. கையில் நிற்கவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன்.

முன்பென்றால், “லூசு, ஆளக் கொல்லப் பாத்தியே!” என்று கத்தியிருப்பார். அன்று மெதுவாக, “பரவால்ல, விடு. உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?” என்றார். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். அவர் கத்த மாட்டாரா என்று காத்திருந்தேன். கத்தவில்லை. உள்தெருக்கள் வழியாக மெல்ல வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இரண்டு பெட்டிகளோடு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்.

அன்று இரவு ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். வேலைக்காகத்தான் தனித்தனியாக இருக்கிறோம் என்று அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“மாப்ள வந்தாங்களா கண்ணு?”

“வந்தாங்கம்மா. இனிமே வரமாட்டாங்க.”

அம்மா ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, “சாப்டியா?” என்றாள்.

மறுநாள் காலை வலது பக்கத்தை மறுபடி பிரித்தேன். மூட்டின் பின்புறம் கிரீஸ் ஒழுகாமல் இருக்க ஒரு ஃபெல்ட் வளையம் உண்டு. அதைக் கழற்றிவிட்டு அதே தராசை மாட்டி இழுத்தேன். முள் பாதிகூட வரவில்லை. அன்று நான் அளந்தது பேரிங்கின் இறுக்கத்தை அல்ல, பெரும்பாலும் அந்த வளையத்தின் உரசலை. பேரிங் தளர்வாகவே இருந்திருக்கிறது, அதனால்தான் ஸ்டியரிங் உதறியது. வளையத்தைப் பூட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. படித்திருந்தேன். ஆனால் அளக்க உட்கார்ந்தபோது வளையத்தைப் பூட்டி முடித்திருந்தேன், மறுநாள் அவர் வருகிறார், எண்ணும் சரியாக வந்துவிட்டது. அந்த எண் எதைக் காட்டுகிறது என்று நான் கேட்கவில்லை.

மூடியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்தேன். மூடியைப் பூட்டி அளந்தேன். போதவில்லை. இன்னொன்றை எடுத்ததும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வளையத்தைப் பூட்டிவிட்டு, ஜாக்கியை இடது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தச் சக்கரத்தையும் கழற்றிவிட்டேன்.