தில்லையம்மாள் பாடாமல் விட்ட பெயர்

கடலூரில் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர், "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார். தில்லையம்மாள் பக்கத்தில் கையைக் காட்டினாள். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவள் புருஷன்.

"பேரச் சொல்லும்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க!"

அப்போது வரிசையில் நின்ற ஒருவனின் செல்போன் அலறியது. டிரம்ஸ் அதிர, நாலைந்து பையன்கள் சேர்ந்து கத்தினார்கள்: "வைத்திலிங்கம்! ஏ, வைத்திலிங்கம்!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அதான்" என்றாள்.

"பாட்டக் கேக்கலம்மா, பேரக் கேட்டேன்."

"அதான் பேரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. 'வெண்மதி அப்பா' என்பாள். எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை ஒருமுறை எழுதியதால் வந்ததுதான் அந்தப் பாட்டு. இது நடந்தது 2009இல். அடுத்த வாரமே அவரைப் பார்த்துக்கொள்ள நான் முதுநகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நோயாளிகளைக் கவனிக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். இதையெல்லாம் அவள் அரிசி களையும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

வெண்மதி கைக்குழந்தையாக இருந்தபோது தில்லையம்மாள் அறிவொளி வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றாள். சொல்லிக்கொடுத்த அமிர்தம் டீச்சர் கெட்டிக்காரி. "வாயால சொல்லக் கூடாத பேரு ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல? அதைக் கையால எழுதுங்க" என்றாராம். வகுப்பே வெட்கப்பட்டு எழுதியது. மற்றவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்ள, இவள் மேலே எழுதிக்கொண்டே போனாள். வைத்திலிங்கத்துக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஃபிட்டர் வேலை.

'மூணு தரம் தொவச்சும் சட்டையில
கம்பெனி நெடி போவல,
மோந்து பாத்துட்டு
மல்லிப்பூ வாணாம்னேன், வைத்திலிங்கம்.'

இப்படியே இன்னும் சில அடிகள். வகுப்பு முடிந்தபோது அச்சடித்த தாளில் அது வந்தது, எழுதியவள் பெயர் இல்லாமல். புருஷனிடம் அதைக் காட்டவில்லை.

பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் படித்த வெண்மதி அந்தத் தாளைத் தன் வகுப்புப் பையன் சேரனிடம் கொடுத்தாள். அவனும் கூட்டாளிகளும் கிட்டார் கட்டிக்கொண்டு ஆண்டு விழாவில் அதைப் பாடினார்கள். சிதம்பரத்துப் பஸ்களில் தொடங்கி, ஷேர் ஆட்டோ, செல்போன் கடை என்று கடலூர் வரைக்கும் பாட்டு வந்துவிட்டது. "அம்மா, நீ ஃபேமஸ் ஆயிட்டே" என்று மகள் குதித்தாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று தாய் அவளிடம் சத்தியம் வாங்கினாள்.

ஆலை வாசலில் சின்னப் பையன்கள்கூட வைத்திலிங்கத்தைப் பார்த்து, "மாமா, நெடி அடிக்குதா?" என்றார்கள். அவர் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எவளோ புருஷன் பேரச் சந்தி சிரிக்க வச்சிருக்கா. எனக்கும் அந்தப் பேரு இருக்கணுமா?" என்றார். இவள் குனிந்து தட்டை எடுத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சில மாதங்களில் அவருக்குப் பேச்சே போய்விட்டது. தன் பாட்டுத்தான் அவரை விழுத்தாட்டியது என்று அவள் நம்பினாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடாததால் விழுந்தார் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

ஒரு காலையில் தெருவில் போன ஆட்டோவில் அந்தப் பாட்டு கேட்டது. தில்லையம்மாள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கட்டிலிலிருந்து, தெளிவாக, ராகத்தோடு, "ஏ... வைத்திலிங்கம்" என்று வந்தது. 'தண்ணி' என்ற சொல்கூட வராத மனிதர்!

நான் அதிசயப்படவில்லை. பேச்சு போனவர்களுக்குப் பாட்டு மிஞ்சுவதை முன்பே பார்த்திருக்கிறேன். "ஜன்னலைத் தொற. தெனம் இந்தப் பாட்டுத்தான் இவருக்கு மருந்து. நீ கூடப் பாடணும்" என்றேன்.

"அய்யோ அக்கா, செத்தாலும் மாட்டேன். அதுல அவுங்க பேரு வருது."

"பேர வுட்டுட்டுப் பாடு."

"நான்தான் எழுதுனேன்னு அவுங்க கண்டுபுடிச்சிட்டா?"

"அவரு பேசணுமா, நீ மறைஞ்சிக்கணுமா?"

இரண்டு நாள் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினாள். பெயர் வரும் இடத்தில் டக்கென்று நின்றாள். அந்த இடைவெளியில் அவர் தம் பெயரைப் போட்டார். நான் யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல பயிற்சி அமைந்திருக்காது. நாலைந்து வாரத்தில் அவள் பாதி அடி பாடினால் அவர் மீதியை முடிக்கும் அளவுக்கு வந்தார். அவள் மட்டும் சுவர்ப்பக்கமே பார்த்தாள்.

ஒருநாள் நான் அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போலப் பாடினாள். பாட்டு முடிந்தது, அவள் நிறுத்தவில்லை.

'நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சி நீ தூங்கையில
கால எடுத்து மடியில வச்சி
நகத்த வெட்டுனேன்,
நீ முழிக்கல...'

தாளில் இருந்தும் சேரனும் கூட்டாளிகளும் பாடாமல் வெட்டிவிட்ட அடிகள் அவை. எந்த ஆட்டோவிலும் யாரும் கேட்டதில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் நின்ற பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. பெயரைப் போடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"தில்...லை" என்றார். ராகம் இல்லாமல்.

பாட்டுக்கு வெளியே அவர் சொன்ன முதல் சொல். அவள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து, "அக்கா, அந்த ஜன்னலச் சாத்துங்க. எதிர்வூட்டுல கேக்கப் போவுது" என்று குரல் வந்தது.

சாத்தவில்லை. வெளிச்சம் வேண்டியிருந்தது, இன்னொரு காலில் நகம் பாக்கி.